பின்கதவுக் கைப்பிடிச் சட்டம்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இது என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. மாமாவுக்குக் கதை விடத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த உடம்பை வைத்துக்கொண்டு இன்னும் பட்டறையில் மாரடித்துக்கொண்டிருக்க மாட்டார்.

பழைய கார்களில் உடைந்துபோகும் பிளாஸ்டிக் சாமான்களை ஒட்டித் தருவதுதான் அவர் தொழில். டேஷ்போர்டு, ஓரப் பட்டை, கதவுக் கைப்பிடியைச் சுற்றி வரும் சட்டம். புதிதாக எங்கும் கிடைக்காது என்பதால் அவர் கையை நம்பித்தான் வண்டிகள் வரும். அந்தக் கை ஆறு மாதமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. கை போனால் பிழைக்க வேறு வழி தெரியாது என்ற கவலையிலேயே மனுஷனுக்குத் தூக்கம் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் அப்பாவின் பழைய காரைக் கொண்டுவந்து விட்டார். இடது பின்கதவில், உள்பக்கக் கைப்பிடிச் சட்டம் மூன்று துண்டாகக் கிடந்தது. சனிக்கிழமை வண்டியை வாங்க ஆள் வருகிறார்கள், அதற்குள் வேண்டும் என்றார். சட்டத்தின் பின்புறம் யார் யாரோ ஒட்டிய பசை அடுக்கடுக்காக இருந்தது. முன்னால் செய்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே மாமா அதைச் சுரண்டி எடுத்தார். பிறகு தன் வழியில் ஒட்டிக் கதவில் மாட்டினார். துண்டுகளை ஒட்டி, பின்புறம் மெல்லிய கம்பி வலையை வைத்து, சூடான சால்டரிங் முனையால் பிளாஸ்டிக்குக்குள் அழுத்திப் பதிப்பார். அப்படிப் பதித்தது வேறு இடத்தில் உடையலாம். அதே இடத்தில் உடையவே உடையாது.

புதன், பகல் 2:40. பட்டறையில் ஈ காக்கா இல்லை. மாமா சாப்பிட்டுவிட்டுப் பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

டக்.

போய்ப் பார்த்தார். அதே இடம். அதே மூன்று துண்டு. வலையும் பிய்ந்திருந்தது.

“கை போச்சு,” என்று வாய்விட்டே சொன்னாராம். பயம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. அன்று சாயங்காலமே இரட்டை வலை போட்டு மறுபடி ஒட்டி மாட்டினார்.

வியாழன். வண்டியைப் பூட்டினார். சாவி சட்டைப் பையில். வண்டியின் வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடி வழியே அந்தக் கதவின் உள்பக்கம் நேராகத் தெரியும். தப்பு பசையிலா, தன் கையிலா... அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

2:38. கண் சொக்கியது.

2:39. அந்தக் கதவுக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஆவி படிந்தது... மறைந்தது... மறுபடி படிந்தது. யாரோ மூச்சு விடுவதுபோல.

2:40. சட்டம் இருக்கைப் பக்கமாக வளைந்தது.

இழுபட்டது...

டக்.

மாமா நாற்காலியை விட்டு அசையவில்லை.

அரை மணி கழித்துத்தான் எழுந்தார். கதவின் உள்பலகையைக் கழற்றினார். கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போக வேண்டிய கம்பியை யாரோ கழற்றி, ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்கவே முடியாது.

டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டார்.  டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

“என் தங்கச்சி. அஞ்சு வயசு. ஓடற வண்டியில கதவைத் திறந்துடுவாளோன்னு அப்பாதான் கழட்டி வெச்சார். ஒருநாள் மத்தியானம், கொளுத்தற வெயில்ல, தூங்கறாளேன்னு வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டார்... நீங்க ஏழாவது ஆள். எல்லாரும் ஒட்டித்தான் குடுத்தாங்க.”

மாமா சட்டத்தைத் தொடவில்லை. முதலில் அந்தக் கம்பியைப் பூட்டோடு மாட்டினார். அதற்கப்புறம்தான் ஒட்டினார்.

வெள்ளி. 2:40.

டக் இல்லை.

கிளிக்.

கதவு கையகலம் திறந்தது. இருக்கை ஸ்பிரிங் ‘கிறீச்’ என்று மேலே எழும்பியது, உட்கார்ந்திருந்தவர் இறங்கினால் எழும்புமே, அப்படி.

அப்புறம் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை வண்டி போய்விட்டது. சட்டம் இன்றுவரை உடையவில்லை. மாமாவின் கை நடுக்கம் அன்றோடு நின்றது. வேலை முன்னைவிடச் சுத்தம். ஆனால் வலது கையில் சுண்டு விரலையும் அதற்கடுத்த விரலையும் மட்டும் அவரால் மடக்க முடிவதில்லை. அக்கா தொட்டுப் பார்த்தாள். ரெண்டும் கொதித்தன. டாக்டருக்கும் ஒன்றும் புரியவில்லை.

போன மாதம் அக்கா அந்த டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்தாள். மாமாவின் விரலைப் பற்றி மூச்சு விடவில்லை. தங்கச்சி எப்படி இருப்பாள் என்று மட்டும் கேட்டாள். டீச்சர் சிரிக்கப் பார்த்தாராம்.

“சரியான வாயாடி. ஆனா வண்டியை விட்டு இறங்கினா பயந்துடுவா. அப்பாவோட சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாத்தான் நடப்பா. வீடு வந்தாத்தான் விடுவா.”

அந்த வீடு எங்கே என்று அக்கா கேட்டாள்.

இடித்து இருபது வருஷம் ஆகிறதாம்.