எந்தக் கால் முதலில் வந்தது

தலத்தெருவில் என் கிளினிக் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. என் பட்டம், முதுகுத்தண்டு வலிக்காக எடுத்த சிறப்புப் பயிற்சி, அந்தப் பயிற்சியில் வாங்கிய முதலிடம் எல்லாம் அதில் இருக்கும். எழுத வந்தவர் இடம் போதாது என்றார். எழுத்தைப் பொடியாக்குங்கள், ஒன்றையும் விடக்கூடாது என்று பக்கத்திலேயே நின்று எழுத வைத்தேன். அதனால் அதை இன்று வரை யாரும் படித்ததில்லை. ஊர் என்னைத் தேடி வருவதற்குக் காரணம் வேறு. நான் பிறந்தபோது தலைக்குப் பதில் கால் முதலில் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் இதற்குத் தனி மரியாதை உண்டு. இடுப்பு பிடித்துக்கொண்டால், கால் முதலில் வந்து பிறந்தவரைத் தேடிப்போய்க் குப்புறப் படுத்து, இடுப்பில் மூன்று தடவை உதைக்கச் சொல்வார்கள். பிடிப்பு விட்டுவிடும் என்று நம்பிக்கை. நாலரை வருஷம் கண் விழித்துப் பிசியோதெரபி படித்தவளுக்கு, படிக்காமலேயே ஒரு தகுதி பிறவியிலேயே இருந்திருக்கிறது. அது எனக்குத்தான் தெரியவில்லை.

அதை வெளியே விட்டது என் அம்மா. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கோட்டுச்சேரிமேட்டுக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. காலையில் கரையில் மீன் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். அவரும் அம்மாவும் மீனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஊரில் ஒருவரும் அவர்கள் வாய்க்குத் தப்ப மாட்டார்கள். அப்படி ஒரு நாள், "இவ பொறந்தப்ப நான் பட்ட பாடு இருக்கே, காலுல்ல மொதல்ல வந்துச்சு" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அக்கா கையிலிருந்த சங்கரா மீனை அப்படியே கூடையில் போட்டுவிட்டு, "ஏம்மா, இத்தன நாளா இத சொல்லாம வச்சிருந்தீங்களே!" என்று கோபித்துக்கொண்டாராம். இரண்டே வாரத்தில் செய்தி கீழவாஞ்சூர் வரைக்கும் போய்விட்டது. அக்காவின் கூடையில் மீன் மீந்தாலும் மீந்துவிடும், செய்தி மீந்ததில்லை.

முதலில் உதை கேட்டு வந்தவர் ஒரு விவசாயி. நாற்று நட்ட வயலில் வரப்பு தாண்டும்போது பிடித்துக்கொண்டதாம். "மெஷினெல்லாம் வேணாங்க டாக்டரம்மா, ஒரே ஒரு ஒதை போதும்" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. மேசையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் எடுத்தேன். எலும்பு, அதற்கு நடுவில் இருக்கும் தட்டு, தட்டு பிதுங்கினால் நரம்புக்கு என்ன ஆகும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். மனுஷர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் மரியாதையாகக் கேட்டார். "சரிங்க. எந்தக் காலு மொதல்ல வந்துச்சுன்னு தெரியுமாங்க? அந்தக் காலாலதான் ஒதைக்கணும்."

பிறகு ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். "இங்கு உதைக்கப்பட மாட்டாது" என்று அச்சடித்து வாசலில் ஒட்டினேன். இதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுத் தொலைத்தேன். அதுவரை விஷயம் தெரியாமல் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களும் நின்று படித்துவிட்டு உள்ளே வந்து, "யாருங்க இங்க காலு மொதல்ல பொறந்தவங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "நோட்டீஸ் ஒட்டுனப்பறம்தான் மேடம் கூட்டம் நல்லா இருக்கு" என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண். பாராட்டாகத்தான் சொன்னாள்.

என்னிடம் ஒரு படிவம் உண்டு. நானே தயாரித்தது, இரண்டு பக்கம். வலி எங்கே, எப்போது, இருமினால் கூடுகிறதா, காலில் இறங்குகிறதா, உட்காரும் இடம் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். பிறகுதான் குனியச் சொல்வேன், காலைத் தூக்கிப் பார்ப்பேன், சுத்தியலால் முட்டியில் தட்டுவேன். படிவத்தை நிரப்பாமல் யார் முதுகிலும் கை வைக்க மாட்டேன் என்பது என் கொள்கை. கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவர் இலையை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மீன்கார அக்காவே வந்து நின்றார். கூடை இல்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார். "டாக்டரம்மா, நாலு நாளா இடுப்பு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. ரெண்டு காலுலயும் எறங்குது. ஒரு ஒதை விடுங்க, போயிடறேன்" என்றார்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஆறேழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு அப்போதுதானா பொங்க வேண்டும். என் படிப்பைச் சந்தி சிரிக்க வைத்த ஆளே நேரில் வந்து உதை கேட்கிறாரே! "அக்கா, இது ஆஸ்பத்திரியா, மாட்டுக் கொட்டகையா? நாலரை வருஷம் ஒதைக்கவா படிச்சேன்? வாசல்ல ஒட்டியிருக்கிறதப் படிச்சீங்களா இல்லையா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றார் அவர். கோபம் இல்லை. "உக்காந்தா உக்காந்த மாரியே தெரியலம்மா, பஞ்சு மேல உக்காந்த மாரி இருக்கு. அதான் வந்தேன்."

"நல்லதாப் போச்சு. மெத்தை வாங்குற செலவு மிச்சம்" என்றேன்.

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். உதை வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள், சிகிச்சை வேண்டுமென்றால் சாயங்காலம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார். படிவத்தில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குத் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுபவர் ஒருவர் வந்தார். குப்புறப் படுக்க வைத்துவிட்டு, பேனாவைத் திறந்து வழக்கமான குரலில் கேட்டுக்கொண்டே போனேன். இருமினால் வலிக்கிறதா, இல்லை. காலில் இறங்குகிறதா, வலது காலில் மட்டும். உட்காரும் இடம் மரத்துப்போன மாதிரி, பஞ்சு மாதிரி இருக்கிறதா?

கேட்டது நான்தான். என் வாயிலிருந்துதான் அந்தப் பஞ்சு வந்தது. மரத்துப்போகிறதா என்றால் ஜனங்களுக்குப் புரியாது என்று, பஞ்சு மாதிரியா என்று கேட்கப் பழகியிருந்தேன். பல வருஷமாக நூறு பேரிடம் கேட்டும் ஒருவரும் ஆமாம் என்று சொன்னதில்லை. ஒருவர் நான் கேட்காமலே வந்து சொன்னார். அவரை நான் கிண்டல் செய்து அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு காலிலும் வலி, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லை என்றால், தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குகிறது என்று பொருள். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் காலும் போகலாம், சிறுநீரை அடக்கும் சக்தியும் போகலாம். மணிக்கு மணி கைமீறிப் போகிற விஷயம். இதைப் பற்றி எழுதித்தான் அந்த முதலிடத்தையே வாங்கினேன்.

லாரிக்காரரிடம் "அசையாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பாவம், அவர் இரண்டு மணி நேரம் அப்படியே குப்புறக் கிடந்திருக்கிறார். வலி பாதி குறைந்துவிட்டது, டாக்டரம்மா கைராசிக்காரர் என்று மறுநாள் சொன்னாராம்.

கோட்டுச்சேரிமேட்டில் அக்காவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நான் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "ஒதைக்கிற டாக்டரா? வாங்க வாங்க" என்று வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தைத் தாண்டி இரண்டு பெண்கள் கூடவே வந்து காட்டினார்கள். அக்கா தரையில் பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நெனச்சேன், மனசு கேக்காம வருவீங்கன்னு" என்றார்.

நான் மண்டியிட்டு முதலில் கேட்டது, ஒண்ணுக்குப் போனீர்களா என்று. நேற்று ராத்திரியிலிருந்து சரியாக வரவில்லை, முட்டிக்கொண்டு இருக்கிறது, ஆனால் வரவில்லை என்றார். இடது பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். தொங்கியது.

"அக்கா, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆம்புலன்சுக்குச் சொல்றேன்."

"ஆஸ்பத்திரியா? முதுகுல கத்தி வச்சா காலு வராதும்மா. எங்க தெருவுலயே ஒருத்தரு அப்படித்தான் கெடக்குறாரு. நீங்க ஒதைங்க, செரியாயிடும். ஆகலேன்னா போறேன்."

பிளாஸ்டிக் முதுகெலும்பு கையில் இல்லை. இருந்தாலும் அரை மணி நேரம் இல்லை. கெஞ்சினேன், அதட்டினேன், அழாத குறை. அவர் ஒரே பிடியாக இருந்தார். சரி என்று, அவசரத்தில் உள்ளே வரை போட்டுவந்த செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே தள்ளினேன். என்னுடைய நாலரை வருஷம், முதலிடம், வாசல் நோட்டீஸ் எல்லாம் அந்தச் செருப்போடு வெளியே நின்றன.

"எந்தக் காலு மொதல்ல வந்துச்சு?" என்று கேட்டார் அக்கா.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அந்த வலியில நான் காலையாடி பாத்துக்கிட்டு இருந்தேன்?" என்றார் அம்மா. "ரெண்டும் சேந்துதான் வந்துச்சுன்னு வச்சுக்கயேன். என்னடி ஆச்சு உனக்கு?" வலது கால் என்று அக்காவிடம் பொய் சொன்னேன்.

கூட வந்த பெண்கள் இருவரும் அவரை அலுங்காமல் குப்புறத் திருப்பினார்கள். பிதுங்கிய தட்டின் மேல் யாராவது உதைப்பார்களா? நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, எடை எதுவும் இறங்காமல், பாதத்தை இடுப்புக்குக் கீழே, உட்காரும் இடத்தில் மெல்ல வைத்தேன். சேலையின் சூடு என் உள்ளங்காலில் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னம்மா யோசிக்கிறீங்க," என்றார் அக்கா, பாயில் முகத்தை வைத்தபடி. "காலை வைங்க."

என் கால் அவர் மேல்தான் இருந்தது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கூட வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "வச்சிட்டேன்க்கா," என்றேன். அவர் கையைப் பின்னால் கொண்டுவந்து துழாவி என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவராகவே, "ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க" என்றார்.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் ஆறவிட்டேன். வெளியே வந்த டாக்டரிடம் அரை நாள் தாமதத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டேன். அதை யாரும் சொல்ல முடியாது, கொஞ்சம் போயிருக்கலாம், ஒன்றும் போகாமலும் இருந்திருக்கலாம் என்றார். யார் தாமதம் செய்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறு மாதமாகிறது. சிறுநீர்ச் சிக்கல் சரியாகிவிட்டது. உணர்ச்சி முக்கால்வாசி திரும்பிவிட்டது. கூடையைத் தலையில் ஏற்றுவது நின்றது. மார்க்கெட்டில் ஒரு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விற்கிறார். நடக்கும்போது இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார். ஊரில் என் காலுக்குப் பேர் முன்பைவிடக் கூடிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் நான் காலை வைத்ததால்தான் கத்தி பலித்தது என்று சொல்கிறார்களாம். வாசல் நோட்டீஸைக் கிழித்துவிட்டேன். இப்போது யார் வந்து உதை கேட்டாலும் படுங்கள் என்கிறேன். காலை வைத்துக்கொண்டே படிவத்தில் உள்ள அத்தனை கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள்.

போன வாரம் கிளினிக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா, கூடத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "டாக்டரம்மாவ நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்குக் காலையிலேயே காலை வச்சிருந்தாங்கன்னா இவ்ளோ தூரம் வந்துருக்குமா?"

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வந்துருக்காதுக்கா," என்றேன். "எடது பாதத்தத் தூக்குங்க."

தூக்கினார். பாதிதான் வந்தது.