தேசம்மாவின் சாட்சி

ஊரூர் குப்பத்துத் தேசம்மாவின் புருஷனைக் கடல் கொண்டுபோனது ஒரு காற்று நாளில். கட்டுமரத்தில் தொங்கிய விளக்கு அவிந்து, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய்விட்டான். மகனும் கடலுக்குப் போகத் தொடங்கியதும், அவள் மீன் கூடையோடு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுத் தகரக் கடை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"காத்துக்கு அவியாத வெளக்கு ஒண்ணு செஞ்சு குடு பாய். இல்லாங்காட்டி எழுந்திரிக்க மாட்டேன்."

கடைக்காரர் ஷரஃபுதீன் தகரத்தைப் பலவிதமாக வெட்டிப் பார்த்து, கடைசியில் இரட்டைச் சுவர் வைத்த ஒரு விளக்கைச் செய்தார். காற்று வெளிச்சுவரில் முட்டி மேலே போய்விடும். உள்ளே சுடர் அசையாது. கொஞ்ச நாளில் குப்பத்து மரங்களிலெல்லாம் அது தொங்கியது. விளக்கு பெற்றவன் மீன்பாடு கிடைத்தபோது நல்ல மீனாக ஒன்றை எடுத்து வைப்பான். தேசம்மா அதைப் பாய் வீட்டில் சேர்ப்பாள். கடலுக்கு வராமலே கை கொடுத்தவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது குப்பத்து வழக்கம்.

இரண்டு வருஷம் கழித்து, யாரோ சொல்லி, அந்த விளக்குக்கு அவர் பேடண்ட் வாங்கினார். வேறு எவரும் அதைச் செய்யக்கூடாது என்கிற சர்க்கார் உரிமை. மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்று அதையே மிஷினில் அடித்து விற்கத் தொடங்க, வழக்கு ஐகோர்ட்டுக்குப் போயிற்று. தோற்றால் கடையை மூட வேண்டியதுதான். தகரத்தைக் கையால் வெட்டி ஒட்டுகிறவர் மிஷினோடு எப்படி மல்லுக்கட்டுவார்?

விளக்கு தங்கள் இஞ்சினீயரின் யோசனை என்று கம்பெனி சாதித்தது. "முதல்ல பண்ணினது நீங்கதான்னு சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார் ஷரஃபுதீனின் வக்கீல் ரகுபதி.

"ஏன், நான் இல்லியா?" என்று கிளம்பிவிட்டாள் தேசம்மா.

கூண்டில் ஏறியவளிடம் கம்பெனி வக்கீல் மிக மரியாதையாகத்தான் பேசினார்.

"இந்த விளக்கை எப்போதிலிருந்து தெரியும் அம்மா?"

"பேடண்டு கீடண்டுன்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே எங்க மரத்துல எரிஞ்சிக்கினு இருந்துச்சு. அப்போ இந்தக் கம்பெனி தொரைங்க இன்னா பண்ணிக்கினு இருந்தாங்களாம்?"

கோர்ட்டு சிரித்தது. வக்கீலும் சிரித்தார்.

"சோதித்துப் பார்க்க ஒன்றிரண்டு கொடுத்திருப்பார், இல்லையா?"

"ஒண்ணு ரெண்டா? குப்பம் பூராவும்! கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தாரு."

"சும்மாவா?"

"சும்மா வாங்க நாங்க இன்னா பிச்சைக்காரங்களா? வஞ்சிரமும் கொடுவாவுமா குடுத்தோம்."

ரகுபதி கண்ணை மூடிக்கொண்டார். தேசம்மா தலை நிமிர்ந்து இறங்கினாள்.

வாதத்தின் கடைசி நாளில் கம்பெனி வக்கீல் சமீபத்துத் தீர்ப்பு ஒன்றை எடுத்து வாசித்தார். ஜட்ஜும் தீர்ப்பில் அதையே பின்பற்றினார். வராந்தாவில் ரகுபதி விளக்கினார். "முதல்ல செஞ்சது நீங்கதான்னு ஜட்ஜே ஒத்துண்டார். ஆனா பேடண்டுக்கு மனுப் போடறதுக்கு முன்னாடியே ஊருக்கெல்லாம் குடுத்து, பதிலுக்கு வாங்கிண்டும் இருக்கேள். அப்படிப் புழங்கினதுக்குப் பேடண்ட் செல்லாதாம். மீன் வாங்கினதை என்கிட்ட ஏன் சொல்லலே?"

"அது பழக்கத்துக்குக் குடுத்த மீனு சார். அது யாவாரமா?" என்றார் ஷரஃபுதீன்.

தேசம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "நான் பொய் சொல்லியிருக்கணுமா பாய்?"

"சத்தியம் பண்ணிட்டு எப்படிம்மா பொய் சொல்லுவே?" என்றார் அவர். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் மீனோடு போனாள். ஷரஃபுதீனின் மனைவி அஸ்மத்துன்னிசா திரைக்குப் பின்னால் இருந்தே, "வேணாம் தேசம்மா. தின்ன மீனே போதும்" என்றாள்.

மழைக்கு முன்பே கடை மூடிவிட்டது. குப்பத்துப் பழைய விளக்குகள் உப்புக்காற்றில் ஒவ்வொன்றாக ஓட்டையாயின, அடைக்க ஆளில்லை. ஒரு சாயங்காலம் மகன் கம்பெனி விளக்கோடு வந்தான்.

"மொறைக்காதம்மா. இதுவும் பாய் கையால ஈயம் பத்தவெச்சு ஒட்டினதுதான். அங்கதான் கூலிக்குப் போறாரு."

தேசம்மா அதைக் கையில் வாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மகன் அதை மரத்தில் கட்டினான். கடலுக்குப் போகிறவனிடம் கொடுக்க அவளிடம் வேறு விளக்கு ஏது?