பெட்டிக்குள் முனகிய கியர்

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. இருபது வருஷம் மெஷினை மிதித்தும் ஓரடிகூட நகரவில்லை என்று தன்னையே கேலி செய்துகொள்வாள். மெஷினுக்கு மோட்டார் வந்து கால் சும்மா இருக்கத் தொடங்கியதும் முழங்கால் முரண்டு பிடித்தது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். தம்பி, தான் ஓட்டிச் சலித்த பந்தய சைக்கிளைக் கொடுத்தான். அதில் கியர் மாற்றக் கம்பி கிடையாது. கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால், பின்சக்கரத்தின் அருகே தீப்பெட்டி அளவு பேட்டரியோடு உட்கார்ந்திருக்கும் குட்டி மோட்டார் ‘ஜிய்ங்’ என்று சங்கிலியை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும்.

மூன்று வருஷத்தில் முழங்கால் அடங்கிவிட்டது, ஆசை அடங்கவில்லை. விமானத்தில் போய், மலைப்பாதையில் நூறு கிலோமீட்டர் ஓட்டும் பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

சைக்கிளைப் பெட்டியில் அடைக்கும் வேலையை அவள் யாரிடமும் விடவில்லை. துணி வெட்டும் மேசையை ஓரங்கட்டினாள். சீட்டின் உயரத்தை டேப்பால் அளந்து, குழாயில் சாக்பீஸால் கோடு போட்டாள். பெடலைக் கழற்ற அவள் வீட்டுக்காரர் வந்தார். அவர் பஸ் டிரைவர்.

“இடது பெடல் மட்டும் எதிர்ப்பக்கமா கழலும்ங்க.”

“முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், எனக்கே பாடமா?” என்றவர், கால் மணி நேரம் பாடுபட்டு அதை இன்னும் இறுக்கிவிட்டுப் போனார். அதைக் கழற்ற அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

பேட்டரியைப் பிடுங்கி, மோட்டாரோடு கியரைச் சட்டத்திலிருந்து கழற்றினாள். மீந்துபோன திரைச்சீலைத் துணியில் பஞ்சு வைத்து அதற்கென்றே தைத்த உறையில் போட்டு, சட்டத்தின் நடுவே நாடாவால் கட்டினாள். அசைந்தால் பட்டன் அழுந்தி மோட்டார் ஓடிவிடும், அதனால் பேட்டரி தனியாகக் கைப்பையில் வரட்டும் என்பது அவள் கணக்கு. மறுநாள் காலை, கைப்பையில் போடுவதற்காகப் பேட்டரியை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் ஏற்றியதும் உள்ளேயிருந்து ‘ஜிய்ங்’ என்றது. கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியை லேசாகச் சாய்த்தாள். மறுபடியும் ‘ஜிய்ங்’.

“மேடம், உள்ள ஏதாவது உயிரோட இருக்கா?”

“சைக்கிள்தான்மா. பேட்டரிய எடுத்துட்டேனே, பைலதான் இருக்கு” என்று கைப்பையைத் துழாவினாள். சீப்பு இருந்தது, தைலம் இருந்தது, பேட்டரி இல்லை. பாதுகாப்பு அதிகாரி வந்து நின்றார். வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

பார்வையாளர் டிக்கெட் வாங்கி வழியனுப்ப உள்ளே வந்திருந்த வீட்டுக்காரர் தூணருகிலிருந்து மெல்ல வந்தார்.

“அத நான்தான் உள்ள மாட்டினேன்.”

“எத?”

“மேசைமேலயே கெடந்துச்சு. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். அந்த உறையத் தேடிக் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் ஆச்சு, தெரியுமா?”

கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவள் அவரையே பார்த்தாள். திட்டுவதற்கு வாய் வந்தது, சிரிப்பு முந்திக்கொண்டது.

பெட்டியைத் திறக்கச் சொன்னார் அதிகாரி. பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி, ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய பட்டுத் துண்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

“சைக்கிள்னு சொன்னீங்க, ஜவுளிக்கடையால்ல இருக்கு” என்றார் அதிகாரி.

கியர் உறைக்குள் கையை விட்டு அவள் பேட்டரியைப் பிடுங்கினாள். பெட்டியை எப்படி ஆட்டியும் சத்தமில்லை. “இது உங்க கைப்பையிலயே வரட்டும்” என்றவர், வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “சார், நீங்க ரெண்டடி தள்ளி நில்லுங்க” என்றார். பஸ்ஸில் முன்படியில் நெருக்குபவர்களுக்கு நாள் முழுக்க அதைச் சொல்பவர், இப்போது தானே தள்ளி நின்றார்.

போன ஊரில், விடுதி அறையிலேயே சைக்கிளைப் பாகம் பாகமாகப் பொருத்தினாள். சீட்டு சாக்பீஸ் கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. பேட்டரியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டாள்.

மறுநாள் மலை அவளைச் சக்கையாகப் பிழிந்தது. ஆனால் பட்டனை அழுத்திய போதெல்லாம் கியர் சொன்ன பேச்சைக் கேட்டது. எங்கும் காலை ஊன்றாமல் ஏறி முடித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார்.

“எத்தனாவது?”

“நாப்பத்தொண்ணு.”

“மொத்தம் எத்தன பேரு?”

“அறுபது.”

 மறுமுனையில், பஸ் டிப்போவில் யாரிடமோ அவர் சொல்வது கேட்டது: “பத்தொம்போது பேரத் தோக்கடிச்சிட்டாளாம்.”