சஷ்டி விரதமும் வெள்ளை வைனும்

சுதாஜினிக்குச் சோறு போடுவது வைன். பிரெஞ்சு பேசும் அந்நிய நகரத்தில், தான் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒருகாலத்தில் கோப்பை கழுவப் போன இத்தாலிய உணவகத்தில், இப்போது எந்த வைன் வாங்குவது என்று தீர்மானிப்பவள் அவள்தான். சுவைப்பாள், வாளிக்குள் துப்புவாள். ஒரு மிடறுகூட உள்ளே போனதில்லை. அந்தத் தைரியத்தில்தான் கந்தசஷ்டியிலும் வேலைக்குப் போனாள். துப்பினால் விரதம் முறியாது என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டாள்; முருகனைக் கேட்கவில்லை.

பிள்ளை வேண்டி அவள் பிடிக்கும் மூன்றாவது சஷ்டி இது. பாலும் பழமும் மட்டும்தான் சாப்பாடு. நாளைக்குச் சூரன்போர், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

அன்று மத்தியானம் இத்தாலியிலிருந்து கியாரா வந்திருந்தாள். தகப்பனின் திராட்சைத் தோட்டத்தைப் பொறுப்பெடுத்து, அவருடைய பழைய முறைகளை மாற்றி, தானே செய்த முதல் வெள்ளை வைனைக் கொண்டுவந்திருந்தாள். ஊற்றிக் கொடுத்துவிட்டு, சுதாஜினியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுதாஜினி வாயில் வைத்தாள். பச்சை மாங்காயைக் கடித்ததுபோல் பல் கூசியது. துப்பிவிட்டு, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். புளிப்பு வைனிலா, இத்தனை நாள் உப்புக் காணாத நாக்கிலா?

குசினிக்குள் ஓடினாள். அங்கே சமைக்கும் மட்டக்களப்பு அக்னெஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"விரதம் முடிய வரச்சொல்லன், சுதா."

"இண்டைக்குப் பின்னேரம் பிளேன் ஏறுறாவாம். இந்த வாயை நம்பி வேண்டாமெண்டு சொன்னா, அந்தப் பிள்ளையின்ர வயித்தில அடிச்ச மாதிரியெல்லோ, அக்கா?"

"அப்ப உன்ர விரதம்?"

ஆரோ ஒருத்தியின் வைனுக்காக இந்த மூன்றாவது விரதத்தையும் இழப்பதா? சுதாஜினி மேசையில் கிடந்த பாண் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, உப்பில் தொட்டாள்.

"முருகா, கோவிக்காதையப்பா" என்று சொல்லி மென்று விழுங்கினாள். விழுங்கும்போதே அழுகை வந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, மறுபடி சுவைத்தாள்.

அதே புளிப்பு.

மறைக்க வழியில்லை. பிரெஞ்சில் பதமாகச் சொன்னாள். கியாரா வாதாடவில்லை.

"அப்பா வைனை இன்னும் ஒரு வருசம் பீப்பாயிலேயே விட்டுவைக்கச் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை," என்றாள். "இன்னும் ஒரு வருசம் என்பது எவ்வளவு நீளம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றாள் சுதாஜினி. அடுத்த சஷ்டிக்கு அவளுக்கும் இன்னும் ஒரு வருசம் இருந்தது.