மூவெழுத்தாருக்கு எரிந்த கதை

மூவெழுத்தார் தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் வலமிருந்து இடமாகத்தான் புரளுவார் என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள். இருக்காதா பின்னே! இறையியல் கல்லூரியில், வலமிருந்து இடமாக எழுதும் எபிரேய மொழியின் இலக்கணம் சொல்லிக்கொடுத்தே தலைமுடியைத் தொலைத்த மனிதர். அந்த மொழியில் பெரும்பாலான சொற்களைப் பிரித்துக்கொண்டே போனால் அடியில் மூன்றெழுத்து வேர் ஒன்று கிடைக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்படி வந்த பெயர் அது.

கிறிஸ்தவ வேதத்தின் எபிரேயப் பகுதியைப் புதிதாகத் தமிழில் பெயர்க்கும் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டமாக இருந்தது, பல் டாக்டரம்மா வந்து சேரும்வரை.

அந்த அம்மாள் ஊரார் கடைவாய்ப் பல்லையெல்லாம் பிடுங்கி ஓய்ந்த பிறகு, பொழுதுபோக்காக எபிரேயம் கற்றவர். பொழுதுபோக்காக! அதைக் கேட்டாலே மூவெழுத்தாருக்குக் காது வழியாகப் புகை வரும்; பக்கத்து மேசைக்காரர் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிடுவார். டாக்டரம்மாவுக்கு வினைச்சொல் வாய்பாடு தடுமாறும், உண்மைதான். ஆனால் அவர் எழுதியதை வாசித்தால் டீ கொண்டுவருகிறவர் தம்ளரோடு அப்படியே நின்றுவிடுவார். மூவெழுத்தார் எழுதியதை வாசித்தால் தம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த நேரத்தில், வேதத்திலுள்ள பாட்டுகளை யார் மொழிபெயர்ப்பது என்ற பேச்சு வந்தது. அவை தனக்காகவே காத்துக் கிடக்கின்றன என்று மூவெழுத்தார் இளவயதிலிருந்தே நம்பியிருந்தார். குழுத் தலைவரோ, "மீன் விழுங்கின தீர்க்கதரிசி கதையில கடைசி அதிகாரத்தை ரெண்டு பேரும் எழுதிட்டு வாங்க. கேட்கிறவங்க முடிவு பண்ணட்டும்," என்று சொல்லிவிட்டார்.

கேட்கிறவர்கள் என்றால் வேதம் படித்திராதவர்கள். வாசித்துக்காட்டி, "என்ன புரிஞ்சது? உங்க வார்த்தையில சொல்லுங்க," என்று கேட்பார்கள். எழுதியவர் அறையில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. நடுவில் யாராவது விளக்கம் சொல்லிவிட்டால் அந்தப் பிரதியின் சோதனை செல்லாது.

அந்தக் கடைசி விதி மூவெழுத்தாருக்கு வெல்லமாக இனித்தது. டாக்டரம்மாவின் பிரதியை வாசிக்கும்போது உதவி செய்வதுபோல் நாலு வார்த்தை விளக்கிவிட்டால் போதுமே! கெடுத்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆர்வக்கோளாறு என்று விட்டுவிடுவார்கள்.

"ஏங்க, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"ஒருத்தருக்கு உதவி பண்ணப்போறேன்."

"நீங்களா? யாரு அந்தப் பாவம்?"

கேட்க வந்தவர்கள் ஒரு தையல்கார அம்மாவும் ஒரு லாரி ஓட்டுநரும். கெட்டுப்போன ஊர் அழியும் என்று தீர்க்கதரிசி எச்சரித்ததும் ஊர் திருந்திய முன்கதையைச் சொல்லிவிட்டு, முதலில் டாக்டரம்மாவின் பிரதியைத் தலைவர் வாசித்தார்.

தையல்கார அம்மா நெற்றியைச் சுருக்கினார். "ஊரு திருந்திடுச்சு, கடவுளும் மன்னிச்சிட்டாரு. அதுக்கு இந்த ஆளு எதுக்குச் செத்துப்போறேங்கிறாரு? இவருக்கு என்ன நஷ்டம்?"

இதுதான் சமயம். மூவெழுத்தார் தொண்டையைச் செருமினார். ஒத்திகை பார்த்துவந்த விளக்கம் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"நஷ்டம் இல்லாமலா? காலமெல்லாம் முறையா நடந்தவன்மா இவன்! நேத்து வந்தவங்களைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா எரியாதா? மூலத்துல அப்படியேதான் இருக்கு. அவன் கோபப்பட்டான்னு இல்லை, அவனுக்கு எரிஞ்சதுன்னு இருக்கு. அவனா மூட்டிக்கலை, அதுவா எரியுது. இப்படி எரியுதே, நல்லாவா இருக்குன்னு கடவுளே கேட்கிறாரு. நல்லா இல்லைதான்! ஆனா எரியுதே!"

மேசையில் அடித்த கை அவருக்கே வலித்தது.

"எங்க கம்பெனியில புதுசா வந்த பையனுக்குப் புது வண்டி கொடுத்தாங்க சார்," என்றார் ஓட்டுநர், மெதுவாக. "எனக்கும் இதேதான்."

"இப்ப புரியுது," என்றார் தையல்கார அம்மா.

தலைவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். "ஏன் சார், விதி தெரியாதா உங்களுக்கு? இது செல்லாது. கதையே இவங்களுக்கு விளங்கிடுச்சு, இனி உங்களோடதை வாசிச்சும் பிரயோஜனமில்லை. வேற ஆளுங்களை வரச் சொல்றேன். நீங்க அன்னைக்கு உள்ள வராதீங்க."

தன் பிரதியும் சேர்ந்து போகும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கவில்லை.

டாக்டரம்மா எதையோ எழுதி முடித்து நிமிர்ந்தார். "சார், வலிக்காம ஒண்ணு கேட்கட்டுமா? இப்ப சொன்னீங்களே, 'அவனுக்கு எரிஞ்சது'ன்னு. அது உங்க பிரதியில இருக்கா?"

இல்லை. அவர் பிரதியில் 'கடுஞ்சினம் கொண்டனன்' என்று இருந்தது.

"அப்ப நான் எடுத்துக்கலாமா?"

குழுவில் யார் சொன்ன வாக்கியமும் குழுவுக்குச் சொந்தம் என்ற விதியை எழுதியவரே மூவெழுத்தார்தான். தலையை ஆட்டினார். ஆட்டியது ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

புது ஆட்கள் வந்த அன்று அவர் நடைவழியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிரதியை வாசித்தபோது உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். டாக்டரம்மாவுடையதை வாசித்தபோது சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல், "எரியத்தானே செய்யும், பாவம்," என்றது.

பாட்டுகள் டாக்டரம்மாவுக்குப் போயின. அவற்றின் இலக்கணத்தைச் சரிபார்க்கும் வேலை மூவெழுத்தாருக்கு வந்தது.

"ஊரே மெச்சுற வரி உங்களோடதுதானே? கொஞ்சம் சந்தோஷப்பட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி.

"என்னோடதுதான்," என்றார் அவர், அச்சிட்ட தாளை அவள் பக்கம் தள்ளி. "அந்தம்மா அதிகாரத்துல போய் எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கு பாரு! என்கிட்ட ஒரு நாளாவது இப்படி உட்கார்ந்துச்சா?"