மல்கிரேவ் வைரவர்

மெல்பேர்னில் மல்கிரேவ் என்ற இடத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு வைரவர் இருந்தார். நாங்கள் கொண்டுவந்து வைத்தவர் அல்ல. வீட்டை வாங்கும்போதே அங்கே இருந்தார். குடிவந்த புதிதில் தேசிக்காய் மரத்தடியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று "ஐயோ, என்ர வைரவரே!" என்று கத்தியதும், அப்பா பாம்பு என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடினார். பாம்பில்லை. முழங்கால் உயரத்தில் ஒரு சீமெந்துக் கல், பாசி படிந்து, கொஞ்சம் சாய்ந்தபடி நின்றது. அதன் நடுவில் ஆழமாகப் பதிந்த ஒரு சூலம். மேலே மூன்று முனை, கீழே ஒரு காம்பு. சந்தேகப்பட இடமே இல்லை.

யாழ்ப்பாணத்தில் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் இருந்தால் அது வைரவர்தான். யாரும் அவரிடம் அடையாள அட்டை கேட்பதில்லை. அப்பாதான் கேட்டார். "இந்த வீட்டை எங்களுக்கு வித்தது கிரேக்கச் சனம். அதுகளுக்கு என்ன வைரவர்?" அம்மா அசரவில்லை. "அதுகளுக்கு முந்தி ஆரோ எங்கட ஆக்கள் இருந்திருப்பினம்" என்றார். அன்று பின்னேரமே கல்லைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, விளக்கும் ஏற்றிவிட்டார். செவ்வரத்தம்பூவுக்கு எங்கே போவது? முன்வீட்டு வேலியில் சிவப்பாகத் தொங்கிய பொட்டில்பிரஷ் பூவைக் கேட்டு வாங்கினார். வெள்ளிக்கிழமைகளில் வடைமாலை. மாலை விடியும்போது காணாமல் போயிருக்கும். கூரைக்குள் குடியிருந்த, பூனையளவான பொசம் என்ற பிராணி ஒன்று இதனால் நன்றாகக் கொழுத்தது. அம்மாவைக் கேட்டால் வைரவர் ஏற்றுக்கொண்டார் என்பார்.

அந்தக் காலத்தில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எங்களோடு இருந்தார். படகில் வந்தவர். விசா முடிவுக்காகக் காத்திருந்தார். இருக்கவும் வேலை செய்யவும் முறையான கடதாசி அவரிடம் இருந்தது. ஆனாலும் முன்கதவில் யாராவது வெள்ளைக்காரர் தட்டினால் அவர் நேரே குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அந்த விசாவைத்தான் அம்மா வைரவரிடம் ஒப்படைத்திருந்தார். வழக்கறிஞரிடமும் ஒப்படைத்திருந்தார் என்றாலும் நம்பிக்கை என்னவோ வைரவரிடம்தான்.

எனக்குப் பத்து வயது. எனக்கு விசாவிலும் அக்கறை இல்லை, வைரவரிலும் அவ்வளவாக இல்லை. கிரேக்கர்களுக்கு முன்னால் இந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பது மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. பின்வளவைக் கிளறினால் பிள்ளைகள் உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளையும் நீலப் பூப்போட்ட கோப்பைத் துண்டுகளும் வரும். அவற்றை ஒரு ஜாம் போத்தலுக்குள் போட்டுவைத்து, என்னுடைய அறைதான் அந்தப் போளைக்காரப் பிள்ளையின் அறையாகவும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரே அறையில் நானும் முகம் தெரியாத ஒரு பிள்ளையும். பயமாக இல்லை, கூச்சமாகத்தான் இருந்தது.

அந்தப் பிள்ளை ஒரு சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டியது. வயது எழுபதுக்கு மேல். கையில் ஒரு தொப்பி, கக்கத்தில் ஒரு தடித்த அட்டைக்கோவை. மாமா குளியலறைக்குள் போய்விட்டார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனால் பதற்றம் வந்தால் வாயில் வராது. என்னை முன்னால் தள்ளினார்.

"என்ன வேணுமாம் கேள் பிள்ளை. வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு. இல்லை, அப்பிடிச் சொல்லாதை. அப்பா படுத்திருக்கிறார் எண்டு சொல்லு."

குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வந்தவர் கொஞ்சம் வெட்கத்தோடு, தான் சின்ன வயதில் இந்த வீட்டில் இருந்ததாகச் சொன்னார். இப்போது அவரும் சில நண்பர்களும் இந்தப் பகுதியின் பழைய படங்களைத் தேடிச் சேர்க்கிறார்களாம். அட்டைக்கோவையைத் திறந்து காட்டினார். நான் வாசலிலேயே குந்திவிட்டேன். எங்கள் வீடு! வேலி இல்லை, நடைபாதை இல்லை, தெரு முழுக்கச் சேறு. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பழத்தோட்டமும் முட்டைக்கோவாப் பாத்திகளும். நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற இடத்தில் ஒரு குதிரை நின்று புல் தின்றுகொண்டிருந்தது. இன்னொரு படத்தில் எங்கள் பின்கதவுப் படியில் ஒரு பொடியனும் அவனைவிட உயரமான ஒரு பெட்டையும், நடுவில் காது தொங்கிய ஒரு நாயும்.

"இந்தக் கதவுதான் அம்மா, எங்கட குசினிக் கதவு!" என்று கத்தினேன். அம்மாவும் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவரை வாசலில் நிற்கவைக்க முடியுமா? கதிரை போட்டார், தேத்தண்ணீர் ஊற்றினார்.

அவர்கள் இங்கிலாந்தில் போல்டன் என்ற ஊரிலிருந்து கப்பலில் வந்தவர்களாம். தந்தையார் பஞ்சாலையில் வேலை செய்தவர். தாயாருக்கு இந்தச் சேறும் வெயிலும் கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை. அதனால் நாய்க்குப் போல்டன் என்று பெயர் வைத்தாராம், பின்னேரமானால் குசினிக் கதவில் நின்று தன் ஊரின் பெயரை உரத்துக் கூப்பிடலாம் என்று. இதை நான் தமிழில் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாங்கள் நாய்க்குச் சாவகச்சேரி எண்டு பேர் வைச்சால் ஊர்ச் சனம் பொல்லோடை வரும்" என்றார்.

பிறகு அவர் பின்வளவைப் பார்க்கலாமா என்று கேட்டார். முதல்நாள் வெள்ளிக்கிழமை. பொசம் ஏனோ அன்று வரவில்லை. கல் முழுக்கக் குங்குமம், மேலே சிவப்புப் பூ, கழுத்தில் வடைமாலை, முன்னால் எரிந்து அணைந்த விளக்கு. அவர் தேசிக்காய் மரத்தை நோக்கி இரண்டடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் மெல்ல, இதன் கீழே அவன் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

யார் என்றேன். போல்டன் என்றார்.

நாய் செத்தபோது அவருடைய அப்பா பின்பாதைக்குக் குழைத்த சீமெந்தில் மிஞ்சியதைப் பெட்டிக்குள் ஊற்றிக் கல்லாக்கித் தந்தாராம். அது காயுமுன் இவர், குழி தோண்டிய அந்தக் கைமுள்ளை அதில் அழுத்திவிட்டாராம். பூமரத்துக்கு மண் கிளறுகிற, மூன்று முள் வைத்த அந்தச் சின்னச் சாமானைத்தான். மண் கிளறுவதென்றால் நாய்க்கு உயிராம்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"அம்மா... அதுக்குக் கீழை நாயைத் தாட்டிருக்கினமாம். அது சூலம் இல்லையாம்."

அம்மா கல்லைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. இத்தனை நாள் விளக்கு, இத்தனை வடை. நான் அழத் தயாரானேன். திடீரென்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நாயோ! வைரவற்ற வாகனமெல்லோ! தம்பி! எட தம்பி! வெளியாலை வா, இங்கை வந்து பார்!"

மாமா ஈரத் தலையோடு ஓடிவந்தார். வைரவரின் வாகனம் நாய் என்பதை நானும் மாமாவுமாக அந்த மனிதருக்கு விளங்கப்படுத்தினோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கைத்தொலைபேசியில் படமும் எடுத்தார்.

அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் வந்த காரியம் வேறு. படத்தில் இருந்த பெட்டை அவருடைய அக்கா. நாய் உண்மையில் அக்காவுடையதுதானாம். இப்போது கிளென் வேவர்லியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தம்பியின் பெயரே அவருக்கு நினைவில் நிற்பதில்லையாம். இந்தக் கல்லை எடுத்துப்போய் அவருடைய யன்னலோரம் வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்தாராம். நான் சொல்லி முடித்தபோது அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா வரட்டும்" என்றார். அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

அந்தக் கிழமை வீட்டில் சரியான இழுபறி. "அந்த மனிசன்ர சாமான். குடுக்கத்தான் வேணும்" என்றார் அப்பா. "விசா வரட்டும், பிறகு பல்லக்கிலை ஏத்தி அனுப்புறன். இப்ப கல்லை எடுத்து, தம்பியைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் எண்டால்? நீங்கள் பதில் சொல்லுவியளோ?" என்றார் அம்மா. இரண்டு நாள் இப்படியே போனது. கடைசியில் மாமாதான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, அந்த மனிசனும் தன்ர அக்காவுக்காகத்தானே கேக்கிறார். குடுத்துவிடுங்கோ." அம்மா எழுந்து குசினிக்குள் போனார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் மாமாவின் கோப்பையை எடுத்து மறுபடி அவர் முன்னால் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா கடைசி விளக்கை ஏற்றினார். பிறகு வாளியும் தும்பும் கொண்டுவந்து கல்லைத் தேய்த்துக் கழுவினார். அவர்களிடம் கொடுப்பதென்றால் அவர்களுடைய கல்லாகவே கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. குங்குமம் லேசில் போகவில்லை. தேசிக்காய்ப் புளி பிழிந்து தேய்த்தார். தேய்க்கும்போது அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் அவர் வந்தபோது வெளுத்த, வெறும் சீமெந்துக் கல் அவரைப் பார்த்தபடி நின்றது. அவர் திகைத்துப்போனார். சிவப்பு எங்கே என்று கேட்டார். பூ எங்கே? அந்த மாலை எங்கே?

அவர் கல்லை எடுக்க வரவில்லை. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை அக்காவிடம் காட்டினாராம். அக்கா கன நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, போல்டனுக்கு யார் சாப்பாடு வைக்கிறார்கள் என்று கேட்டாராம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு குடும்பம் வைக்கிறது என்றதும் கைகொட்டிச் சிரித்தாராம். இப்போது தாதிமாருக்கெல்லாம் அதுதான் கதையாம். அவன் அங்கேயே இருக்கட்டும், அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அக்கா சொல்லிவிட்டதால், இன்னும் கொஞ்சம் படம் எடுக்கத்தான் வந்தாராம்.

அம்மாவை அதற்குப் பிறகு பிடிக்க முடியுமா! சந்தனம் வந்தது, குங்குமம் வந்தது, நான் முன்வீட்டுக்குப் பூவுக்கு ஓடினேன். மாமா வடைக்கு அரைத்தார். போகும்போது அந்த மனிதரின் கையில் அக்காவுக்கென்று ஒரு பை வடை. வெங்காயம் போடவில்லை, வயதான ஆளுக்குச் செமிக்கும் என்று சொல்லச் சொன்னார் அம்மா. சொன்னேன். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், மாமாவின் கையையும் பிடித்துக் குலுக்கினார். மாமா குளியலறைப் பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை.

கார் போன பிறகு அம்மா தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவினார், மாமா துடைத்து வைத்தார். நான் குசினி மேசையில் இருந்து மிச்ச வடை தின்றுகொண்டிருந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்ற சந்தோஷம் எனக்கு. அம்மா திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, அண்ணாவைத் தாட்ட இடம் எதெண்டு உனக்காவது தெரியுமே?"

அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார். நான் பிறக்குமுன்னே ஊரில் நடந்த போரில் போராடிச் செத்துப்போனவர். எனக்கு அவர் கூடத்துச் சுவரில் மாட்டிய ஒரு படம் மட்டும்தான்.

மாமா கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இடம் தெரியும். கல்லும் வைச்சிருந்தது, பேரோடை. பிறகு ஆமி வந்து கல்லறையள் எல்லாத்தையும் உழுதுபோட்டாங்கள் அக்கா. இப்ப போனாலும் எது எங்கையெண்டு கண்டுபிடிக்கேலாது."

இதற்குப் போய் ஏன் இருவரும் வழி தெரியாமல் நிற்கிறார்கள் என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். வாயில் இருந்த வடையை அவசரமாக விழுங்கினேன்.

"அந்த அங்கிளிட்டைக் கேப்பம் அம்மா. அவரிட்டை எல்லா இடத்தின்ர பழைய படமும் இருக்கு!"

அம்மா தண்ணீரை நிறுத்தினார். ஈரக் கையோடு வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. என் யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த முறை அந்த அங்கிள் வரும்போது எப்படிக் கேட்க வேண்டும் என்று, மூச்சு முட்ட அங்கே இருந்தபடியே ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.