கருந்துளைக்குக் கிழித்த கோடு

எங்கள் கம்பெனி சார்பில் பென்னலூர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கருந்துளையை விளக்கப் போனேன். இழுத்துப் பிடித்த துப்பட்டாவின் நடுவில் இரும்புக் குண்டை வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு கிழித்தேன்.

"இத்தத் தாண்டுன கோலி திரும்பாது, எங்க வூட்டம்மா கையில சிக்குன ரிமோட் மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கம்பெனி பிரஸ் மிஷினில் கையை இழந்த சேகரின் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா மிஷின்லயும் கோடு இருந்துச்சா அங்கிள்? அவருதான் தாண்டிட்டாராமே?"

மூடியைத் திறக்காமலே பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீர் குடிக்கப் பார்த்தேன், அவ்வளவு தைரியசாலி. கை நீட்டினால் மிஷினை நிறுத்தும் சென்சார் இருந்தது. உற்பத்தி குறைகிறதென்று அதை அணைக்கச் சொன்ன சூப்பர்வைசர் நான். சேகரின் அஜாக்கிரதை என்று எழுதிக் கொடுத்ததும் நானே.

"இருந்துச்சும்மா. நான்தான் அழிச்சிட்டேன்."

"வூட்டாண்ட வந்து அப்பாகிட்ட சொல்லு."

அவள் பின்னால் நடந்தேன். ஜோக்கடித்தே தப்பித்து வந்தவனுக்கு வழியில் ஒன்றுகூடத் தோன்றவில்லை.